மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

தமிழ்நாட்டில் பிரசவம் எங்கே நடக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களும் இதற்கு விலக்கில்லை. வலி கண்டதும் 108-ஐக் கூப்பிடுவது இன்று கிழவிகளுக்கே பழகிய காரியம். வீட்டில் பெறாதே, ஆஸ்பத்திரிக்கு வா என்று கிராம சுகாதாரச் செவிலியர்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கிய பழைய போராட்டம் ஜெயித்துவிட்டது. இனி மிச்சமிருக்கும் வேலை வேறு இடத்தில் கிடக்கிறது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன். எடை குறைந்த பிள்ளை, தாய்ப்பால், அடுத்த பிள்ளைக்கான இடைவெளி என்று பட்டியல் இன்னும் நீளும். இவற்றில் எதுவும் பிரசவ அறைக்குள் முடிந்துவிடாது. வீட்டுக்குள்ளே, பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் ஓடும் காரியங்கள் இவை. அந்த வீட்டில் பிள்ளையின் தகப்பனார் எங்கே இருக்கிறார் என்று எங்கள் செவிலியர் தொழில் நெடுங்காலம் கேட்கவே இல்லை. இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறது. கேட்கும் விதம்தான் சரியில்லை. கணவர் கிளினிக்குக்கு வந்தாரா, எத்தனை முறை வந்தார் என்று வருகையை எண்ணுவது இந்த வானம் பார்த்த பூமிக்குப் பொருந்தாத கணக்கு. அவர் கையில் என்ன வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, அதைச் செய்தாரா என்று எண்ண வேண்டும் என்பதே என் வாதம்.

வருகைக் கணக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு முதல் காரணம் வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்ப விடுவார்கள். அந்த நாட்களில் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருவார், நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவார். இரண்டாவது காரணம் மண். மழையை நம்பி ஒரு போகம்; புரட்டாசி ஐப்பசியில் விதைத்தால் தை மாசியில் உளுந்தும் பாசியும் சோளமும் கம்பும் மிளகாயும் வீடு சேரும். அதற்குப் பிறகு ஆண்களுக்குச் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை உண்டு. இல்லாவிட்டால் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று பெட்டி கட்ட வேண்டியதுதான். மூன்றாவது காரணம் நாங்களே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை, தடுப்பூசிக்குப் புதன்கிழமை, அதுவும் பகல் வேளை. தினக்கூலிக்காரருக்கு அந்த நாள் ஒரு நாள் கூலி. போதாததற்கு, தாய்வீட்டு ஊரில் அந்தப் பெண் எங்கள் பதிவேட்டில் ‘விசிட்டர்’. கணவரின் ஊர் வேறொரு துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்டது. பெண்ணைப் பார்க்கும் செவிலியருக்குக் கணவரைத் தெரியாது, கணவரைத் தெரிந்த செவிலியரின் பார்வையில் பெண் இல்லை. இப்படி மூன்று பக்கமும் நாமே அவரை வெளியே நிறுத்திவிட்டு, ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது.

வெளியில் நடந்த ஆய்வுகளையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். காட்மாண்டுவின் மகப்பேறு மருத்துவமனையில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 442 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணவரோடு சேர்த்துப் பாடம், ஒரு குழுவுக்குத் தனியாகப் பாடம், ஒரு குழுவுக்குப் பாடமே இல்லை. கணவரோடு படித்த பெண்கள் பிரசவத்துக்குக் கூடுதலாகத் தயாரானார்கள், பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கும் கூடுதலாக வந்தார்கள். பயிற்சி பெற்றவரிடம் பிரசவம் பார்த்துக்கொள்வதில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. டில்லியில் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்விலும் பலன் தெரிந்த இடம் பிரசவத்துக்குப் பிந்தைய காலமே: கணவனும் மனைவியும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசிக்கொள்வதும், அதைக் கைக்கொள்வதும் கூடின. ஆண்களைச் சேர்ப்பதால் பெரிய மாற்றம் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஆய்வுகளையே ஆதாரமாகக் காட்டுவதுண்டு. எண்கள் அடக்கமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் பலன் எங்கே இல்லை, எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நமக்கு வேண்டிய செய்தி கிடைக்கிறது. பலன் இல்லாத இடம், தமிழ்நாடு ஏற்கெனவே வெற்றி கண்ட இடம். பலன் தெரிந்த பேறுகாலத்துக்குப் பிந்தைய நாட்கள்தான் நம்மிடம் இன்னும் ஓட்டையாக இருக்கின்றன. நம் வழக்கமோ சரியாக அந்த நாட்களில்தான் கணவரை வேறு ஊரில் வைக்கிறது.

பிள்ளைப்பேறு பொம்பளைங்க காரியம், ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்து ஒதுக்கிவிடக் கூடாது. பேறுகாலத்தில் அனுபவமுள்ள பெண்கள் சூழ்ந்திருப்பது பெரிய பலம். பிரசவ வேளையில் கூடவே ஒரு துணை இருப்பதைப் பற்றி உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரன் மதிப்பாய்வு, பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் அனுபவத்தை வைத்து, துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று சொல்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2000-களின் நடுவிலேயே பெண் துணையை அனுமதித்தன. அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆணுக்கு அங்கே வேலையே இல்லை என்பது மட்டும் உண்மையில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யாரிடம் கைமாற்று, ரத்தம் கொடுக்க யாரைக் கூப்பிடுவது, சம்மதக் கையெழுத்து யார் போடுவது என்ற முடிவுகள் எல்லாம் பெரும்பாலும் அவரிடம்தான் போய் நிற்கின்றன. பாதி ராத்திரியில் கோவில்பட்டி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டும்போது, எட்டு மாதமாக எதுவும் சொல்லப்படாத ஒரு மனிதரிடம் நீட்டுகிறோம். அவர் பதறுவதையும் சத்தம் போடுவதையும் அவருடைய குணம் என்று எழுதிவிடுகிறோம். முடிவெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டு, அதற்கான விவரத்தை மட்டும் அவருக்குச் சொல்லாமல் இருப்பதுதான் இன்று நடக்கும் ஏற்பாடு.

சொல்லாமல் விட்டதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. நம் சுகாதாரத் துறை ஆண்களை எப்போதுமே மறந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் அவர்களை விரட்டி விரட்டித் தேடியது. ஆண் கருத்தடைக்கு ஊக்கத்தொகை கொடுப்பதில் 1950-களிலேயே நாட்டுக்கு முன்னோடியாக நின்றது சென்னை மாநிலம். 1971-இல் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000-க்கும் அதிகமான ஆண்களுக்கு அறுவை நடந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77-இல் மட்டும் நாடு முழுக்க அறுபது லட்சத்துக்கு மேல். அதில் எவ்வளவு கட்டாயம், எவ்வளவு சம்மதம் என்பது அடுத்து வந்த தேர்தலிலேயே தெரிந்துபோயிற்று. அதன் பிறகு அரசுகள் ஆண் பக்கம் திரும்பவே பயந்தன, முழுப் பாரமும் பெண் உடம்பின் மேல் இறங்கியது. 2019-21 கணக்கில் இந்தியாவில் பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3. கணவரைச் சுகாதாரச் செவிலியர் கூப்பிட்டால் ஆபரேஷனுக்குத்தான் என்ற சந்தேகம் கிராமத்தில் இன்னும் மிச்சமிருப்பதில் ஆச்சரியம் என்ன? இலக்காக மட்டுமே பார்க்கப்பட்டவரைத் தகப்பனாகப் பார்க்கத் தொடங்கும்போது, முதல் பேச்சிலேயே அறுவை சிகிச்சையை எடுக்காமல் இருக்கும் பொறுமை எங்களுக்கு வேண்டும். மாதாந்திர இலக்கு கேட்கும் மேலிடத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

கொடுக்கக்கூடிய வேலைகளில் எனக்கு மிகவும் உறுதியாகத் தோன்றுவது கங்காரு பராமரிப்பு. எடை குறைந்த பிள்ளையை வெறும் மார்போடு அணைத்துக் கட்டி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இந்த முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. ஏழை நாட்டின் சமாளிப்பு என்று பணக்கார நாடுகள் சில காலம் ஒதுக்கிப் பார்த்தன. 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அந்தப் பேச்சை முடித்துவைத்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்தார்கள். நிலை சீராகும் வரை காத்திருந்த குழுவில் 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு 15.7, உடனே அணைத்த குழுவில் 12. மருந்தோ கருவியோ இல்லாமல் இவ்வளவு உயிர் மிச்சமாவது எங்கள் தொழிலில் அரிது. ஒரு நாளில் பல மணி நேரம் அணைக்க வேண்டும் என்பதால் அந்த ஆய்வு தாயை மட்டும் நம்பவில்லை, மாற்றாள் ஒருவரையும் சேர்த்துக்கொண்டது. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்ணால் எத்தனை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியும்? தகப்பனின் மார்பிலும் அதே சூடுதான். ஆண்கள் கூச்சப்படுவார்கள் என்று மாநகரத்துக் கருத்தரங்குகளில் சொல்லப்படுகிறது. கரிசல் காட்டு ஆணுக்குச் சட்டையைக் கழற்றுவது கூச்சப்படும் காரியமே இல்லை. கூச்சம் எங்கள் வார்டின் அமைப்பில் இருக்கிறது: வரிசையாகக் கட்டில்கள், நடுவில் திரை கிடையாது, பால் கொடுக்கும் பெண்கள். அங்கே ஆணை விட மாட்டேன் என்று வார்டு சிஸ்டர் சொன்னால் அவர் சொல்வது நியாயம். பிரசவத் துணை பற்றிய 2016-இன் மத்திய அரசு வழிகாட்டுதலும், மறைவுக்கு வசதி இருக்கும் இடத்தில் கணவரை அனுமதிக்கலாம் என்றுதான் சொல்கிறது. ஆக, ஒரு திரைச்சீலையும் நாலு நாற்காலியும் வாங்காததை ஆண்களின் மனப்பான்மை என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

தூரத்தில் இருப்பவருக்கும் வேலை உண்டு. திருப்பூரில் இருக்கும் கணவர் ராத்திரி பேசும்போது சாப்பிட்டியா என்று கேட்கிறார். இரும்புச்சத்து மாத்திரை போட்டியா என்று சேர்த்துக் கேட்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மாத்திரையால் மலம் கறுத்துப்போகும், சிலருக்குக் குமட்டும், அதற்காக நிறுத்தக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் வீட்டில் மாத்திரை அட்டை முழுசாகக் கிடக்காது. தலைவலியோடு கண் மங்குவது, காய்ச்சல், துணி நனைகிற உதிரப்போக்கு, பிள்ளை பால் குடிக்க மறுப்பது ஆகியவை எந்த நேரத்திலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள். மாமியார் வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும்போது, உடனே வண்டியைக் கூப்பிடுங்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு. விருந்தாளியாக இருப்பதில் அந்த ஒரு லாபம் இருக்கிறது. பிறந்த பிள்ளைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கப் பெரியவர்கள் கிளம்பும்போது செவிலியர் சொல்லி நிற்காதது, தகப்பன் வேண்டாம் என்றால் நின்றுவிடக்கூடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரை, பிள்ளைப்பேற்றை ஒட்டிய காலத்தில் தகப்பன்மாரில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொல்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் வட்டிக்கு வாங்கிச் சீர் செய்தவருக்கு அது என்னவாக இருக்கும் என்று இங்கே விசாரிக்கும் பழக்கமே வரவில்லை. சாயங்காலம் டாஸ்மாக்கில் நிற்கிறார் என்பதோடு குறிப்பு முடிந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் எதிர்வாதங்களில் கனமானது பெண்கள் பக்கமிருந்து வருவது. ஏற்கெனவே எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவரிடம் பெண்ணின் உடம்பு விஷயங்களையும் கொடுத்தால் அவருடைய பிடி இறுகாதா? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாக அதே 2019-21 ஆய்வு சொல்லும்போது இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க வழியில்லை. டான்சானியாவில் கணவரோடு வருகிற கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை கொடுக்கப் போய், தனியாக வந்தவர்கள் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டதையும் ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. வருகையை எண்ணினால் அதுதான் நடக்கும்: எண் கூட வேண்டுமென்று நிலையங்கள் பெண்ணை நெருக்கும், பெண் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவாள். 2015-இல் ஆண்களைச் சேர்க்கப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, பெண்ணின் விருப்பத்தையும் சுயமுடிவையும் மதிக்கும் விதத்தில் செய்தால் மட்டும் என்று நிபந்தனை வைத்தது. நடைமுறையில் இதற்குப் பொருள், முதல் பேச்சு பெண்ணோடு தனியாக. கணவருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அந்தப் பெண்ணே தீர்மானிப்பார். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் வேண்டாம்தான். வேலையைப் பட்டியலிட்டுக் கொடுக்கும் முறைக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. மாத்திரையை நினைவூட்டுவது, பிள்ளையை அணைப்பது, துணி துவைப்பது போன்ற வேலைகள் யாருக்கும் கூடுதல் அதிகாரம் தருவதில்லை.

கணவர் இல்லாத பெண்களுக்கும் இந்தக் கணக்குத்தான் பொருந்தும். இறந்தவர், விட்டுப்போனவர், வெளிநாட்டில் இருந்து வர முடியாதவர் என்று படிவத்தின் ‘கணவர்’ கட்டம் காலியாகும் வீடுகள் இந்த வட்டாரத்தில் கொஞ்சமல்ல. அங்கே ஆச்சியோ தாய்மாமனோ பெரியம்மாவோ பிள்ளையைச் சேர்ந்து வளர்க்கிறார்கள். எந்த வேலையை யார் செய்கிறார் என்று கேட்கும் படிவத்தில் அவர்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கணவர் வந்தாரா என்று கேட்கும் படிவத்தில் அந்தப் பெண்ணுக்கு அவமானம்தான் மிச்சம். ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனிகளிலும், கரிமூட்டத்துக்காகக் குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களிடமும் இன்னொன்றைக் காணலாம். தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையில் பெண்களை ஏற்றிப் போன பிறகு, வேலையில்லாத கோடை நாட்களில் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூளி ஆட்டுவது தகப்பன்தான். எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாமல் தேவையே இதைச் செய்ய வைத்திருக்கிறது. படித்த குடும்பங்களுக்கு நாங்கள் புதிதாகக் கற்றுக்கொடுக்கப் பார்ப்பதை இவர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள் என்பதை ஆய்வுகள் கணக்கில் எடுத்ததில்லை. பின்தங்கிய மக்கள் என்றால் குறைகளை மட்டும் எண்ணுவது எங்கள் துறையின் பழைய வியாதி.

செவிலியருக்கு நேரம் ஏது என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. பதிவேடுகளும் கணினிப் பதிவும் அதற்கு மேல். இன்னொரு திட்டம், இன்னொரு ரிஜிஸ்டர் என்று வந்தால் அது ஏட்டிலேயே நிரப்பப்பட்டு முடியும். கூடுதல் பதிவேடு கூடாது. கர்ப்பப் பதிவின்போதே கணவர் பெயரும் கைபேசி எண்ணும் வாங்குகிறோம். பெண் சம்மதித்தால் அந்த எண்ணுக்கு மூன்று முறை, பதிவின்போது, ஏழாம் மாதத்தில், பிள்ளை பிறந்த வாரத்தில், பேசினால் போதும். ஆனால் தகப்பனுக்கான பெரிய கதவு சட்டத்தில் அடைபட்டிருக்கிறது. 1961-இன் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது தாய்க்கு 26 வாரம் விடுப்பு தந்தது; தகப்பனுக்கு அதில் ஒரு நாளும் இருக்கவில்லை. மத்திய அரசு ஆண் ஊழியருக்குப் பதினைந்து நாள் உண்டு. பனியன் கம்பெனிக்காரருக்கும் கரிமூட்டக்காரருக்கும் சம்பளம் இல்லாத லீவுதான்.

கடைசியாக, செவிலியர் கல்லூரி மாணவர்களுக்கும் அவர்களுடைய வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் முதுநிலை ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு: கற்பித்தலுக்கு முன் ஒரு வினாத்தாள், பின் ஒரு வினாத்தாள், மதிப்பெண் கூடியது, முற்றிற்று. தகப்பன்மாரைப் பற்றிய ஆய்வையும் இதே அச்சில் வார்த்துவிடாதீர்கள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை விட்டுவிட்டு, நேற்று ராத்திரி பிள்ளை அழுதபோது எழுந்தது யார், மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம், சிசேரியன் ஆனவருக்குத் தண்ணீர்க்குடம் தூக்கியது யார் என்று கேளுங்கள். தாயிடம் தனியாகவும் தகப்பனிடம் தனியாகவும் கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். தாய்வீட்டு ஊரிலும் கணவர் ஊரிலும் போய்க் கேளுங்கள். பாதிச் செய்தி ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. நாகலாபுரம் பக்கம் வருவதானால் பொங்கலை ஒட்டியோ, கோவில் கொடை நாட்களிலோ, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை வந்தால் ஆண்களைப் பார்க்க முடியாது.